வெள்ளைப்புள்ளி

டெல்பின் வளர்த்த மீனைக் குழம்பு வைக்க முடியாது. திரேஸ்புரத்தில் அந்தச் சந்துக்கு அவள்மேல் இருந்த முதல் மனத்தாங்கல் அதுதான். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்டு, கட்டைவிரல் நீளத்துக்கு இருக்கும் கோமாளி மீன். பிறந்ததிலிருந்து மீனைச் செதில் உரசி, குடல் எடுத்து, புளி கரைத்தே பழகிய சனம், மீனுக்குச் சோறு போடுகிறவளை என்னவென்று எடுத்துக்கொள்ளும்? "உம் மருமவ மாடில கோமாளிக்குக் கஞ்சி ஊத்துதாளாமே" என்று அவள் மாமியார் அல்போன்சாவிடம் கேட்காத பெண் கிடையாது. அல்போன்சாவும் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்ல மீனுக்குத்தான் மொத பந்தி, மனுசனுக்கெல்லாம் பெறவுதான்" என்பாள். மருமகளைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்துப் பேசுவதில் அவளுக்கு ஒரு ருசி.

அந்தக் கோமாளி மீன்கள் ஆக்சிஜன் அடைத்த பைகளில் ரயிலேறிச் சென்னைக்குப் போயின. அங்கே ஷாம் என்றொரு வளர்ப்புமீன் கடைக்காரன் எடுத்துக்கொண்டான். அல்போன்சாவின் கண் ஆபரேஷனும், கசிந்துகொண்டிருந்த குசினிக் கூரையும் அந்த மீன் காசில்தான் சரியாயின. இதைச் சந்து பேசாது. அல்போன்சாவும் பேசமாட்டாள்.

மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தொட்டிகள் வரிசையாக இருந்தன. எத்தனை தொட்டி இருந்தாலும் அத்தனை குஞ்சுக்கும் தாய் தகப்பன் ஒரே சோடிதான். கடல் மீனைத் தொட்டியில் முட்டை வைக்கப் பழக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. சோடி ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். முட்டை ஒட்டுவதற்காக உள்ளே போட்ட ஓட்டுத் துண்டை இரண்டுமாக வாயால் துடைத்துச் சுத்தம் பண்ண வேண்டும். அதற்காக டெல்பின் வருசக் கணக்கில் காத்திருந்தவள். சோடி போனால் எல்லாம் போச்சு.

ஆனி மாசம் மேற்கேயிருந்து கச்சான் காற்று பிடித்தது. வாயைத் திறந்தால் மண். கடலும் கலங்கிக் கிடந்தது. டெல்பின் கடல் தண்ணீரை அப்படியே தொட்டியில் விடுகிறவள் இல்லை. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமியைக் கொன்று, ஹைப்போ போட்டு அந்த பிளீச்சிங்கை முறித்து, ஒருநாள் காற்றடித்துவிட்டுத்தான் ஊற்றுவாள். அப்படியும் எந்த வழியாகவோ நோய் உள்ளே வந்துவிட்டது.

ஆண் மீன் போகிற போக்கில் விலாவை ஓட்டில் உரசியது. திரும்பி வந்து மறுபடியும் உரசியது. செவுள் படபடவென்று அடித்தது. டெல்பின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். மஞ்சள்பொடி தூவினதுபோல மினுக்கம் இருந்தால் அது வேறு நோய், இரண்டு மூன்று நாளில் ஆளைக் காலி பண்ணிவிடும். தோல் வழுவழுவென்று உரிந்தால் இன்னொன்று. இங்கே துடுப்பில் உப்புக்கல் ஒட்டினதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. அதோடு அவள் நம்பிவிடவில்லை. வலையில் மீனைப் பிடித்து, மேல்தோலைக் கண்ணாடித் துண்டில் லேசாக வழித்து, போனில் மாட்டுகிற குட்டி லென்ஸ் வழியாகப் பார்த்தாள். உருண்டையாக ஒன்று மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. பூச்சிதான். மீன் வளர்க்கிறவர்கள் வெள்ளைப்புள்ளி என்று சொல்கிற நோய்.

இதற்கு அவளுக்கு வைத்தியம் தெரியும். தொட்டித் தண்ணீரில் உப்பில்லாத நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உப்பைப் பாதிக்குக் கொண்டுவர வேண்டும். மீன் தாங்கிக்கொள்ளும், பூச்சி தாங்காது. ஒரு மாசத்துக்கு மேல் அப்படியே வைத்திருக்க வேண்டும், இடையில் உப்பு ஏறிவிடக் கூடாது. ஆனால் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? குழாயில் வருகிற நாளில்தான் வரும், வந்தாலும் பிளீச்சிங் வாடை. ஹைப்போ போட்டு முறிக்கலாம்தான். சீக்கு மீனிடம் அந்தக் கணக்கு தப்பினால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டையில், அவளோடு கூடப் படித்த பேச்சிச்செல்வி வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் பிளீச்சிங் படாத தண்ணீர் இருந்தது. வாடகைக்கு ஓட்டுகிற பாலகணேஷின் லோடு ஆட்டோவில் கேன்களை ஏற்றிக்கொண்டுபோய் எடுத்து வந்தாள். உப்பை அளந்து அளந்து இறக்கினாள்.

பத்தாம் நாள் காலையில் துடுப்புகள் சுத்தமாக இருந்தன. டெல்பின் மாடியில் நின்றபடி ஷாமுக்குப் போன் போட்டாள்.

"வெள்ளைப்புள்ளிதான் தம்பி. ரெண்டு தொட்டில. இந்த மாசம் குஞ்சு அனுப்ப முடியாது. நீங்க வேற ஆளுகிட்ட போயிராதீங்க, நான் சரியாக்கிருவேன்."

அவள் புருஷன் கிளைட்டன் அப்போதுதான் ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலையை முடித்துவிட்டு வந்து மாடிப்படியடியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். வெள்ளைப்புள்ளி என்ற சொல் காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டான். டெல்பின் மறுபடி தண்ணீர் எடுக்கக் காலிக் கேன்களோடு இறங்கி வந்தபோதும் ஒற்றைச் செருப்போடு அங்கேயே நின்றான்.

"எல்லாத் தொட்டியிலயுமா?"

"ரெண்டுலதாங்க. நான் பாத்துக்கிடுதேன். நீங்க சாப்ட்டுட்டுத் தூங்குங்க." ஆட்டோ ஹாரன் அடித்தது, அவள் போய்விட்டாள்.

'நான் பாத்துக்கிடுதேன்.' இதே சொல்லைக் கிளைட்டனும் ஒருகாலத்தில் சொல்லியிருக்கிறான். அப்போது அவன் வேம்பார் பக்கம் ஓர் இறால் பண்ணையில் குளம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் கரையோரம் சில இறால் ஓய்ந்து ஒதுங்கின. ஓட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப்புள்ளி. இறாலுக்கு அது வந்தால் மருந்து கிடையாது. வந்த குளத்தில் உடனே பிளீச்சிங்கைக் கொட்டி எல்லாவற்றையும் கொன்றால்தான் பக்கத்துக் குளமாவது தப்பும். கிளைட்டனுக்கு மனசு வரவில்லை. நான் பாத்துக்கிடுதேன் என்று ஒருநாள் தாமதித்தான். செத்த இறாலைக் காக்கா தூக்கிக்கொண்டுபோய் அடுத்த குளங்களில் போட்டது. அத்தனை குளமும் போயிற்று. குளத்துக்காரர்கள் எல்லாருமாகக் கூடி, கரையில் வைத்து அவனைச் செருப்பால் அடித்தார்கள். அதன்பிறகு அவன் பண்ணைப் பக்கம் போகவில்லை.

இந்த வருசம் அவன் தம்பி ரெக்சன் ஒரு இறால் குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டுக்கு வருவான். அவனுடைய வலையும் தீவன மூட்டையும் டெல்பினின் தொட்டிகளுக்குப் பக்கத்தில்தான் கிடந்தன. கிளைட்டன் மாடியேறி அந்த மூட்டையைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்த கதையாக இருந்தது.

கீழே குசினியில் அல்போன்சா ஊளி மீனை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, மேல வெள்ளைப்புள்ளி வந்துட்டு. ரெக்சன் குளத்துக்குப் பரவிரும். எல்லாத்தயும் கொன்னுரணும்."

"சேசுவே! ஏல, அப்போ சீக்கிரம் செய்யி. அவ வந்தா ஒப்பாரி வைப்பா."

இரண்டு பேரும் பேசியது அவ்வளவுதான். மீன் யாருடையது, ஒரு வார்த்தை அவளிடம் கேட்போமா என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வெறி பிடித்துச் செய்திருந்தால்கூட மன்னிக்கலாம். வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற மாதிரிச் செய்தார்கள். கிளைட்டன் மூஞ்சியில் துண்டைக் கட்டிக்கொண்டு, டெல்பின் தண்ணீர் சுத்தம் பண்ண வாங்கி வைத்திருந்த பிளீச்சிங் பவுடரை அள்ளி அள்ளித் தொட்டிதோறும் கொட்டினான். நோய் வந்த தொட்டி, வராத தொட்டி என்று பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. பவுடர் பட்டு வந்திருக்கலாம். மனசு கேட்காமலும் வந்திருக்கலாம். அதற்காக அவன் கை நிற்கவில்லை.

டெல்பின் திரும்பி வந்தபோது படி ஏறுமுன்னேயே நெடி மூக்கில் அடித்தது. கேனையும் தூக்கிக்கொண்டு மேலே ஓடினாள். கிளைட்டன் மாடித் தண்ணீர்க் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னங்க நெடி இது? என்னத்தக் கொட்டுனீய?"

"போட்டுட்டேன் ஏளா. எல்லாத் தொட்டியிலயும். ஒனக்கு மனசு வராது, எனக்குத் தெரியும். அதான் நானே செஞ்சுட்டேன். குஞ்சுலாம் ரொம்ப நேரம் துடிக்கல."

டெல்பின் அவனைத் தாண்டி ஓடினாள். ஹைப்போ டப்பாவைத் திறந்து கைநிறைய அள்ளிச் சோடியின் தொட்டியில் எறிந்தாள். காற்றுக் குழாயை எடுத்து ஆண் மீனின் வாயருகே பிடித்தாள். பேச்சிச்செல்வியின் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றிக் கடல் தண்ணீர் கலந்து அதற்குள் மீனை மாற்றினாள். வாய் பிளந்து, செவுள் விரிந்து, அது மல்லாக்கவே மிதந்தது. பெட்டை ஓட்டுத் துண்டின்மேல் சாய்ந்து கிடந்தது. குஞ்சுகளின் தொட்டிகளில் தண்ணீரின் மேற்பரப்பே ஆரஞ்சாக இருந்தது. ஒவ்வொரு தொட்டியாகக் கைவிட்டுத் துழாவினாள். ஒன்றும் அசையவில்லை.

பிறகு நிமிர்ந்தாள்.

"யாரு கேட்டா ஒன்ன?"

"ஏளா!" அல்போன்சா படியில் பாதியில் நின்று கத்தினாள். "ஒன்னயா? கட்டுன புருசன ஒன்னயா?"

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் டெல்பின் 'வாங்க', 'போங்க' தவிர வேறு பேசியதில்லை. அவன் குடித்துவிட்டு வந்த நாளிலும் 'பாத்து ஏறுங்க' என்றுதான் சொன்னாள். தொட்டி தொட்டியாகச் செத்துக் கிடந்த மீன் அல்போன்சாவின் கண்ணில் படவில்லை. மருமகள் வாயில் 'ங்க' செத்ததுதான் பட்டது.

"ஆமா மாமி, இவனத்தான். யாரு கேட்டா ஒன்ன? எதுக்குக் கொன்ன?"

"வெள்ளைப்புள்ளின்னு காலைல நீதான போன்ல சொன்ன?" என்றான் கிளைட்டன். "ஏளா, நான் குளத்துல நின்னவன். எனக்கு நீ பாடம் நடத்தாத. புள்ளி விழுந்தா முடிஞ்சுது."

"அது இறாலு! இது மீனு! இறாலுக்கு வாரது வைரஸு, அதுக்கு மருந்து கெடையாது. இது பூச்சி. நான் கண்ணால பாத்தேன். உப்பக் கொறச்சா செத்துரும். செத்துக்கிட்டு இருந்துச்சு! எம் மீனு தேறிக்கிட்டு இருந்துச்சு!"

"ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான?"

"ஆஸ்பத்திரித் தெருவுல ஒரு கிளைட்டன் இருக்காரு. அவருக்குக் காய்ச்ச வந்தா ஒனக்கு ஊசி போடவா?"

கிளைட்டன் ஈரக்கையைக் கைலியில் துடைத்தான். அல்போன்சாதான் முந்திக்கொண்டாள். "இப்போ என்ன கொள்ள போயிட்டுன்னு இந்தக் கத்துக் கத்துத? மீனுதான ஏளா? கடலே கெடக்கு."

"கடல்ல கெடக்கது ஒங்க மீனு மாமி. இது எம் மீனு. நான் சோடி சேத்து, நான் முட்ட வைக்க விட்டு, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுக்கு நான் தீனி அரிச்சு வளத்தது. இவன் செருப்படி வாங்குன கதைக்கு எம் மீனு எதுக்குச் சாவணும்?"

அது சொல்லியிருக்க வேண்டாத வார்த்தைதான். கிளைட்டனின் முகம் சுண்டிப்போயிற்று. டெல்பினுக்கும் அது தெரிந்தது. ஆனால் அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"ரெக்சன் குளம் போயிரக் கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றான் அவன், தணிந்த குரலில். "எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாத் தெரியும். வாய் இருக்கு, போன் இருக்கு. புதுக்கோட்டைக்குத்தான போனேன், பரலோகத்துக்கா போனேன்?"

"கேட்டா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன். அதான் நீ கேக்கல."

கச்சான் காற்று கூரைத் தகட்டைத் தடதடவென்று ஆட்டியது. அவள் பேசப் பேச, அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். நம்புகிற தலையாட்டல் இல்லை அது. கோட்டி பிடித்தவளிடம் எதற்குப் பேச்சு என்கிற தலையாட்டல். பூச்சியை லென்ஸில் எடுத்த படத்தைப் போனில் காட்டினாள். அதையும் பார்த்துவிட்டு, "சரி, சரி. இருந்தாலும் பரவுனா என்ன செய்வ?" என்றான். நாலு தரம் சொன்னாள். நாலு தரமும் அதையே திருப்பிக் கேட்டான்.

முட்டளவுக்குச் சேறோடு ரெக்சன் படியேறி வந்தது அப்போதுதான். நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டிகளை எட்டிப் பார்த்தான். "எண்ணே, என்ன இது?"

"ஏல, வெள்ளைப்புள்ளி. ஒன் குளத்துக்கு வந்துரக் கூடாதுன்னு எல்லாத்தயும் முடிச்சுட்டேன்."

"ஐயோ எண்ணே, அது வேற இது வேற. மீனுக்கு வாரது பூச்சி. இறாலுக்கு ஏறாது."

"ஏறாதா?" கிளைட்டன் சட்டென்று நிமிர்ந்தான். "நெசமாவா?"

"நெசந்தான். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. போன வாரமே மதினிகிட்ட கேட்டேன். அவியதான் புட்டுப் புட்டுச் சொன்னாவ."

கிளைட்டன் நெஞ்சில் கைவைத்து மூச்சை விட்டான். "அப்போ ஒன் குளத்துக்கு ஒண்ணும் இல்லல்லா? மாதாவே, நல்லவேள." அல்போன்சாவும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

டெல்பின் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தொண்டை கிழிய அவள் நாலு தரம் சொன்னது ஏறாத மண்டையில், தம்பி ஒருதரம் சொன்னது ஏறிவிட்டது. அவன் சொன்னதும் அவளிடம் கேட்டுச் சொன்னதுதான். செத்த மீனுக்கு நடுவில் நின்றுகொண்டு நல்லவேளை என்கிறார்கள். தொட்டிமேல் கிடந்த மீன்வலையை எடுத்து அவள் தரையில் ஓங்கி அடித்தாள். கம்பு இரண்டாக ஒடிந்தது.

"எவன் சொன்னாலும் கேப்ப. நான் சொன்னா மட்டும் ஒங் காதுல என்ன மெழுகா?"

ரெக்சனுக்கு அப்போதுதான் விளங்கியது. "மதினி..." என்று தொடங்கிவிட்டு, சேற்றுக் காலைப் பார்த்தான்.

டெல்பினின் போன் அடித்தது. ஷாம்.

அல்போன்சா விருட்டென்று மேலேறி வந்து அவள் கையைப் பிடித்தாள். "ஏளா, நோயில செத்துட்டுன்னு சொல்லிரு. வீட்டுக் கதய மெட்ராசுக்காரன்கிட்ட சொல்லி நாறடிச்சிராத."

"ஆமா மதினி" என்றான் ரெக்சன், சன்னமாக. "அண்ணன் வேணும்னு செய்யல."

கிளைட்டன் கடைசியில் வாயைத் திறந்தான். "நோய்ன்னு சொல்லு டெல்பி. ஒரு வார்த்தைதான. என் மானம் போயிரும்."

ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் காலையில் சரியாக்கிருவேன் என்று சொன்னவள் மத்தியானம் எல்லாவற்றையும் சாகவிட்டவள் ஆகிவிடுவாள். நோய் பிடித்த தொட்டிக்காரி என்று பேராகிவிடும். மறுபடி ஒரு சோடி சேர்த்தாலும் அவளிடம் எவன் மீன் வாங்குவான்? அவனுடைய மானத்துக்கு அவளுடைய பேரைக் கேட்டார்கள். அதுவாவது கேட்டார்களே என்று வேண்டுமானால் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

டெல்பின் மாமியின் கையை விலக்கிவிட்டுப் போனை எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, மீன் எப்படி இருக்கு?"

"நோய் அடங்கிட்டு தம்பி. என் வைத்தியம் சரியாத்தான் போச்சு. மீனு தேறிட்டு. நான் தண்ணி எடுக்கப் போன நேரத்துல எம் புருசன் பிளீச்சிங்கக் கொட்டி எல்லாத்தயும் கொன்னுட்டான்."

அல்போன்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா சொல்றீங்க... எல்லாமேவா? பெரிய சோடியுமா?"

"எல்லாந்தான்."

"ஐயோ." அவன் குரலைத் தணித்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. என் கடையிலயும் இதே நோய்தான். நானும் உப்பைக் குறைச்சுப் பார்த்தேன், நிக்கவே இல்ல. தேறிடுச்சுன்னு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

காலையிலிருந்து யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. டெல்பின் ஒடிந்த வலைக்கம்பைக் காலால் தள்ளிவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"புள்ளி போனத மட்டும் நம்பக் கூடாது தம்பி. அது விழுந்துட்டுத் திரும்பவும் ஏறும். செவுளப் பாக்கணும். அடிக்கது அடங்கணும். ஓட்டுல ஒரசுறது நிக்கணும். இன்னைக்கு நான் கணவாய நறுக்கிக் கைய உள்ள விட்டேன். பெட்டை அவளாவே வந்து என் வெரலக் கடிச்சா. முட்ட வச்சிருக்கப்போதான் அப்படிக் கடிப்பா..."

அதோடு அவள் நிறுத்தவில்லை. உப்பை எவ்வளவு மெதுவாக இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், வெயிலில் தண்ணீர் வற்றினால் உப்பு தானாக ஏறுமே, அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொண்டே போனாள். ஷாம் இடையிடையே கேட்டுக்கொண்டிருந்தான். கிளைட்டன் தலையைக் குனிந்தபடி படியை நோக்கி நகர்ந்தான்.

டெல்பின் போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எங்க போற? உக்காரு. கேளு."